கவரும் கவர்னரும்: கோப்பை வாசித்துக் காட்டும் இயந்திரம்

அரசு அலுவலகத்தில் பணிபுரியும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "எனக்கு டிஸ்லெக்சியா, அதாவது எழுத்தை வாசிப்பதில் சிரமம், உண்டு. நாலு பக்கக் கோப்பை நானே படித்தால் ஒரு மணி நேரம் ஓடிவிடும், பாதி மனதில் நிற்காது. பக்கத்து இருக்கைக்காரர் வாசித்தால் ஒரே தடவையில் பிடித்துக்கொள்வேன். இப்போதெல்லாம் கைபேசியை வாசிக்கவிட்டுக் கேட்கிறேன். இது ஏமாற்று வேலை இல்லையா, சார்?"

இல்லை. ஏன் என்று சொல்ல ஒரு பெருக்கல் கணக்கு போதும். எழுத்தை ஒலியாக மாற்றுவது ஒரு திறன், காதில் விழுந்த மொழியைப் புரிந்துகொள்வது இன்னொரு திறன். வாசித்துப் புரிந்துகொள்வது இந்த இரண்டின் பெருக்குத்தொகை என்று கஃப், டன்மர் என்ற இரு ஆய்வாளர்கள் 1986-இல் எழுதினார்கள். முதல் திறனுக்கு 0.3, இரண்டாவதற்கு 0.9 என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். விடை 0.27. மொழியறிவை முழு 1 ஆக்கினாலும் விடை 0.3-ஐத் தாண்டாது. பக்கத்து இருக்கைக்காரர் செய்வது, அந்த முதல் எண்ணை மட்டும் உங்களுக்குக் கடன் கொடுப்பது. புரிந்துகொள்வது முழுக்க உங்கள் உழைப்பு.

ஆகவே, டிஸ்லெக்சியாவில் பெரும்பாலும் கோளாறு கண்ணில் இல்லை. எழுத்தையும் ஒலியையும் முடிச்சுப் போடும் இடத்தில் இருக்கிறது. இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. வண்ணக் கண்ணாடி, கண் பயிற்சி, நினைவாற்றல் லேகியம் என்று பெற்றோர்கள் காசைக் கரைப்பது இன்னும் நிற்கவில்லை. வண்ண வில்லைக்கும் கண் பயிற்சிக்கும் அறிவியல் ஆதாரம் இல்லை என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களும் கண் மருத்துவர்களும் 2009-இலேயே கூட்டாக அறிவித்துவிட்டார்கள். அந்தக் காசு பிள்ளைக்கு எழுத்தொலியை முறையாகச் சொல்லித்தரும் ஆசிரியருக்குப் போகவேண்டிய காசு.

சரி, கைபேசி எப்படி வாசிக்கிறது? எழுத்தை ஒலிக் குறியீடாக மாற்றி, எந்த ஒலி எவ்வளவு நேரம், எந்த ஏற்ற இறக்கம் என்று கணித்து, கடைசியில் ஒலியலையை உருவாக்குகிறது. கடைசிப் படியை இப்போது நரம்பு வலைப்பின்னல்கள் எனப்படும், எடுத்துக்காட்டுகளைப் பார்த்துக் கற்கும் மென்பொருள்கள் அழகாகச் செய்கின்றன. எனக்குத் தீராத வியப்பு முதல் படியில்தான்.

தொண்டையில் விரலை வைத்துக்கொண்டு ‘பக்கம்’ என்று சொல்லிப் பாருங்கள். ‘க்க’ வரும்போது அதிர்வு சட்டென்று நிற்கும். இப்போது ‘தங்கம்’. அதிர்வு அறுபடாமல் ஓடும். அடுத்து ‘பகல்’. அங்கே க இன்னும் மெலிந்து, பலர் வாயில் கிட்டத்தட்ட ஹ ஆகிவிடும். எழுத்து ஒன்று, ஒலி மூன்று. இந்திக்காரருக்கு இதற்கெல்லாம் தனித்தனி எழுத்து உண்டு. நாமோ பக்கத்தில் இருக்கும் எழுத்தைப் பார்த்து முடிவு செய்கிறோம். சொல்லின் முதலிலும் இரட்டிக்கும்போதும் வல்லொலி, மெல்லினத்துக்குப் பின் அதிர்வொலி, உயிரொலிகளுக்கு நடுவே தேய்ந்த ஒலி. ட, த, ப எல்லாம் ஏறக்குறைய இப்படித்தான். யாரும் நமக்கு இதைப் பாடமாக நடத்தவில்லை. கணினிக்கோ ஒவ்வொன்றையும் விதியாக எழுதியோ, ஆயிரக்கணக்கான வாக்கியங்களைக் கேட்கவைத்தோதான் புரியவைக்க முடியும்.

அலுவலகத் தமிழ் வந்ததும் விதி தடுக்கி விழுகிறது. ‘கவர்’, ‘கவர்னர்’ இரண்டும் ஒரே மூன்று எழுத்தில் தொடங்குகின்றன. உறைக்கு வல்லொலி, ஆளுநருக்கு அதிர்வொலி. பில், பட்ஜெட், கெஜட் எல்லாம் இந்த வம்புக்காரர்கள்தான். இவற்றுக்குத் தனிச் சொற்பட்டியல் வேண்டும். எண்கள் இன்னும் சுவை. ‘5000-க்கு’ என்பதை ‘ஐயாயிரம் க்கு’ என்று வாசித்தால் காது சுளிக்கும். இயந்திரம் வேற்றுமை உருபைப் பார்த்து, நடுவே ‘அத்து’ என்ற சாரியை சேர்த்து, ‘ஐயாயிரத்துக்கு’ என்று சொல்லவேண்டும். டிஸ்லெக்சியா உள்ளவரின் மூளை மூச்சு வாங்கும் அதே வேலையை, எழுத்திலிருந்து ஒலிக்குப் போகும் அந்த ஒரு வேலையைத்தான், இயந்திரம் தன் தோளில் வாங்கிக்கொள்கிறது.

தமிழுக்கு இது தானாக வந்துவிடவில்லை. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் ஏ.ஜி. ராமகிருஷ்ணன் குழுவும், சென்னை ஐ.ஐ.டி.யில் ஹேமா மூர்த்தி குழுவும் பொதுப்பணத்தில் பல ஆண்டுகள் உழைத்திருக்கிறார்கள். ஆனால் வாசித்துக் காட்டும் கருவிகள் பற்றிய ஆய்வுகளில் பெரும்பாலானவை பள்ளி மாணவர்களை வைத்து நடந்தவை. அவற்றைத் தொகுத்துப் பார்த்த 2018-ஆம் ஆண்டு ஆய்வு, புரிதலில் மிதமான முன்னேற்றம் இருப்பதாகக் காட்டியது. வேலைக்குப் போகும் தமிழர்களை வைத்துச் சோதிக்கவும் நிதி ஒதுக்கவேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

உரிமையும் உங்கள் பக்கம். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைக் குறைபாடுகளில், டிஸ்லெக்சியாவை உள்ளடக்கிய ‘குறிப்பிட்ட கற்றல் குறைபாடு’ம் ஒன்று. தேவையான வசதிகளைப் பணியாளருக்குச் செய்துதர வேண்டும் என்று அரசு அலுவலகங்களுக்கு அச்சட்டம் சொல்கிறது. கவனம் நிலைக்காமல் சிதறும் ஏ.டி.எச்.டி. அந்தப் பட்டியலில் தனியாக இல்லை. இருவகைச் சிரமமும் ஒருவருக்கே இருப்பது சாதாரணம் என்பதால், இந்த விடுபடல் என்னை வருத்துகிறது.

நடைமுறையில் உங்களுக்கு வரப்போகும் இடைஞ்சல் வேறு: கோப்பே வாசிக்க முடியாத வடிவில் இருக்கும். ஸ்கேன் செய்த ஆணை வெறும் படம். படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் எழுத்துணரி மென்பொருளில் அதை முதலில் போடவேண்டும். பழைய எழுத்துருக்கள் அதைவிட மோசம். பாமினி என்ற எழுத்துருவில் தட்டிய ‘அம்மா’ கணினிக்குள் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்றுதான் கிடக்கிறது; இயந்திரம் அதை அப்படியே உளறும். ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் தனிக் குறியீடு தரும் யூனிகோடைத் தமிழ்நாடு அரசு 2010-இலேயே தரமாக ஏற்றுவிட்டது. ஆகவே யூனிகோடில் கோப்பு கேட்பதற்கு நீங்கள் தயங்கவே வேண்டாம்.

நீங்கள் எழுதிய கடிதத்தையும் அனுப்புமுன் வாசிக்கவிட்டுக் கேளுங்கள். விட்டுப்போன புள்ளியும் கொம்பும் காதில் உடனே உறுத்தும். ‘மரம்’, ‘மறம்’ மாறியிருந்தால் மட்டும் பெரும்பாலும் தெரியாது, இரண்டும் ஒரே மாதிரி ஒலிக்கும். அதற்குப் பிழைதிருத்தியையோ, அந்தப் பக்கத்து இருக்கைக்காரரையோ கேட்டுக்கொள்ளுங்கள்.