மெகாடன் கணக்கும் சாம்பல் கணக்கும்

1945-ல் ஹிரோஷிமாவில் வெடித்தது ஏறத்தாழ 15 கிலோடன் குண்டு, அதாவது 15 ஆயிரம் டன் டி.என்.டி. வெடிமருந்துக்குச் சமம். 1954 மார்ச் 1 அன்று பசிபிக் கடலின் பிகினி பவளத்தீவில் அமெரிக்கா வெடித்துப் பார்த்த 'கேஸில் பிராவோ' ஹைட்ரஜன் குண்டு 15 மெகாடன், அதாவது ஆயிரம் மடங்கு. அதற்காக அழிவும் ஆயிரம் மடங்கு தூரம் போகாது. அதிர்ச்சி அலை நாலாபக்கமும் மேலும் கீழும் விரிவதால், அது எட்டும் தூரம் ஆற்றலின் கனமூலத்தைப் பொறுத்தே கூடும். ஆயிரத்துக்குக் கனமூலம் 10, ஆகவே தூரம் பத்து மடங்குதான்.

ஹிரோஷிமாவில் கட்டடங்கள் தரைமட்டமானது சுமார் 1.6 கி.மீ. வரை. நாகர்கோவில் மணிமேடையை மையமாக வைத்தால் அது வடசேரியோடு நின்றுவிடும் வட்டம். 15 மெகாடன் குண்டு அதற்கேற்ற உயரத்தில் வெடித்தால் அது 16 கி.மீ. வரை போகும். நேர்கோட்டில் அளந்தால் கன்னியாகுமரி முனை அவ்வளவு தூரம்தான். அந்த வட்டத்தின் பரப்பு 800 சதுர கி.மீ., நம் கன்னியாகுமரி மாவட்டப் பரப்பில் கிட்டத்தட்ட பாதி. வெப்பம் இன்னும் மோசம். அது கனமூலத்துக்குக் கட்டுப்படாமல் அதைவிட வேகமாகத் தூரம் கூடுவதால், மெகாடன் அளவில் இடிபாட்டு எல்லைக்கு வெளியே இருப்பவர்களையும் தீ எட்டும்.

இவ்வளவு ஆற்றல் எப்படி வந்தது? யுரேனியம் போன்ற கனமான அணுக்களைப் பிளக்கும் பிளவு குண்டில் எரிபொருளை இஷ்டத்துக்குக் கூட்ட முடியாது. ஒரு அளவைத் தாண்டினால் தொடர்வினை தானே கிளம்பிவிடும்; வெடித்தாலும் முழுதும் எரிவதற்குள் சிதறிவிடும். லேசான அணுக்களை ஒன்றுசேர்க்கும் இணைவு குண்டின் எரிபொருளுக்கு அந்த உச்சவரம்பு கிடையாது. ஹைட்ரஜனின் கனமான வகைகளான டியூட்டிரியமும் டிரிடியமும் சேர்ந்து ஹீலியமாகும்போது 17.6 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட் (அணுவின் ஆற்றலை அளக்கும் அலகு) வெளிவரும், அதில் 14.1 நியூட்ரானோடு ஓடும். ஆனால் அது பற்றிக்கொள்ளப் பல கோடி டிகிரி வெப்பமும் கடும் அழுத்தமும் வேண்டும். சூடாக்கப் பிளவு குண்டு போதும். அதே குண்டு எரிபொருளைச் சிதறடித்துவிடுமே என்பதுதான் சிக்கல். 1951-ல் அமெரிக்க விஞ்ஞானிகள் உலாமும் டெல்லரும் வழி கண்டார்கள்: வெடிப்பலையை முந்திப் பாயும் எக்ஸ்-கதிர்களைக் கொண்டு, தள்ளி வைத்த எரிபொருளை முதலில் நெருக்கிவிடுவது. 1952 நவம்பர் 1 அன்று அந்த வழியில் அமெரிக்கா செய்த சோதனை 'ஐவி மைக்' 10.4 மெகாடன் தந்தது. எலுகெலாப் என்ற தீவே இல்லாமல் போனது. ஆனால் மைனஸ் 250 டிகிரியில் காக்க வேண்டிய திரவ டியூட்டிரியத்தோடு அது ஒரு கட்டடம் அளவு இருந்தது. விமானத்தில் ஏற்ற முடியாததை ஆயுதம் என்று சொல்வதற்கில்லை.

பிராவோவில் திரவத்துக்குப் பதில் லித்தியம் டியூட்டரைடு என்ற திடப்பொருள். கணக்கு பிசகியதும் இங்கேதான். லித்தியத்தில் இரண்டு வகை. லித்தியம்-6 நியூட்ரானை வாங்கி டிரிடியமாகும். லித்தியம்-7 சும்மா கிடக்கும் என்று எண்ணினார்கள். கலவையில் 60 விழுக்காடு இந்த லித்தியம்-7. வேகமான நியூட்ரான் பட்டதும் அதுவும் உடைந்து டிரிடியம் தந்தது, கூடவே இன்னொரு நியூட்ரானையும் விட்டது. எதிர்பார்த்தது 6 மெகாடன், வந்தது 15. அதிலும் சுமார் 10 மெகாடன், உறையாக இருந்த யுரேனியம் பிளந்ததால் வந்தது. 'ஹைட்ரஜன்' குண்டு என்று பெயர். ஆனால் கதிர்வீச்சு நஞ்சில் பெரும்பங்கு யுரேனியத்தின் பிளவு மிச்சம்.

தரையை ஒட்டி வெடித்ததால் நெருப்புக்கோளம் பவளப்பாறையைச் சுட்டு நீறாக்கி மேலே இழுத்துக்கொண்டது. உயரத்தில் காற்று கிழக்கே திரும்பியிருந்தது. அறிவித்த ஆபத்து எல்லைக்கு வெளியே சூரை பிடித்துக்கொண்டிருந்த ஜப்பானிய விசைப்படகு 'தாய்கோ ஃபுக்குர்யு மாரு' மீது சில மணி நேரத்தில் கதிர்வீச்சு கலந்த வெள்ளைச் சாம்பல் கொட்டியது. 23 பேரும் கதிர்வீச்சு நோயில் விழுந்தார்கள்; ஒருவர் செப்டம்பரில் இறந்தார். தூத்தூர், வள்ளவிளைக்காரர்கள் நாட்கணக்கில் ஆழ்கடலில் தங்கித் தூண்டில் போடுவதுபோலத்தான் அவர்களும் தொழில் செய்தவர்கள். பிடித்த மீனும் அழிக்கப்பட்டது.

ஆகவே மெகாடன் எண்ணை மட்டும் பார்ப்பது பயனில்லை. 1961-ல் சோவியத் நாடு வெடித்த 'ஜார் பாம்பா' 50 மெகாடன், பிராவோவைப்போல் மூன்று மடங்குக்கும் மேல். யுரேனிய உறைக்குப் பதில் ஈயம் வைத்து, 4 கி.மீ. உயரத்தில் வெடித்தார்கள், நெருப்புக்கோளம் தரையைத் தொடவில்லை. சாம்பல் பிராவோவைவிட மிகக் குறைவு.

சாம்பல் எங்கே போகும் என்பதைத் தரைக்காற்றை வைத்துச் சொல்ல முடியாது. நமக்கு ஆனி, ஆடியில் தரையில் காற்று மேற்கிலிருந்து வீசும். அதே நாளில் 14, 15 கி.மீ. உயரத்தில் காற்று கிழக்கிலிருந்து பலமாக ஓடும். வெடிப்பு மேகத்தின் தலை அரபிக்கடல் பக்கமும் அடிப்பாகம் திருநெல்வேலி பக்கமும் பிரியும். சாரல் இருந்தால் சாம்பலை வழியிலேயே இறக்கிவிடும்.

'மணவாளக்குறிச்சி கருமணலிலும் கதிர்வீச்சு இருக்கிறதே' என்று கேட்பார்கள். அந்த மணலின் மோனசைட் கனிமத்திலுள்ள தோரியத்தின் அரைவாழ்வு, அதாவது பாதி சிதைய ஆகும் காலம், சுமார் 1,400 கோடி ஆண்டு, நிதானமாகச் சிதைவது. புதுச் சாம்பலில் இருப்பவற்றில் பல, மணியிலும் நாளிலும் சிதைபவை. ஆரம்பத்தில் கடுமை அதனால்தான். 7 மணி நேரத்தில் கதிர்வீச்சு, முதல் மணியில் இருந்ததில் பத்தில் ஒன்றாகும்; 49 மணியில் நூறில் ஒன்று; இரண்டு வாரத்தில் ஆயிரத்தில் ஒன்று. எனவே முதல் இரண்டு நாள் வெளியே வராமல் இருப்பதுதான் உயிரைக் காக்கும். 6 செ.மீ. கான்கிரீட் வீச்சைப் பாதியாக்கும், 60 செ.மீ. ஆயிரத்தில் ஒன்றாக்கும். ஓட்டுக் கூரை ஏறக்குறைய ஒன்றையும் தடுக்காது. சாம்பலும் அதன்மேலேயே தங்கும். மாடிக் கட்டடத்தின் நடுத்தளத்தில், சன்னலை விட்டுத் தள்ளி இருக்கும் அறையே மேல்.