மரண தண்டனை: தமிழில் என்ன சொல்லலாம்?

'மரண தண்டனை' என்ற தொடரின் இரண்டு சொற்களும் வடமொழி வழி வந்தவை. மரணம் என்றால் சாவு. தண்டனைக்கு வேர் 'தண்டம்', அதாவது கோல், தடி. அடிக்கிற கோல் அரசனின் அதிகாரத்துக்குப் பெயராகி, அப்புறம் அவன் விதிக்கும் தண்டனைக்கும் பெயரானது. பஞ்சாயத்தில் 'தண்டம் கட்டினான்' என்பதும் இதே தண்டம்தான்.

பேச்சில் 'தூக்கு' என்றே சொல்லிவிடுகிறோம். அது நிறைவேற்றும் முறையின் பெயர். அமெரிக்காவில் விஷ ஊசி போட்டுக் கொல்வதைத் தூக்கு என்று எழுத முடியாது. 'சாவுத் தண்டனை' பாதி தமிழ். முழுத் தமிழ் வேண்டுமானால் 'சாவொறுப்பு' எனலாம். ஒறுத்தல் என்றால் தண்டித்தல், அடக்குதல்.

ஒறுத்தல் என்றாலே உயிரை எடுப்பதாகிவிடாது. 'இன்னா செய்தாரை ஒறுத்தல் அவர்நாண நன்னயம் செய்து விடல்' என்ற குறளில் நன்மை செய்வதே ஒறுத்தல். ஆனால் 'கொலையிற் கொடியாரை வேந்தொறுத்தல்' என்ற குறளும் இருக்கிறது. கொடியவரைக் கொலையால் ஒறுப்பது, பயிரைக் காக்கக் களை பறிப்பது போன்றது என்று பரிமேலழகர் உரை சொல்கிறார். வள்ளுவரை மரண தண்டனைக்கு எதிரானவர் என்று சட்டென்று சொல்லிவிட முடியாது. ஆனால் அந்த அதிகாரமான செங்கோன்மையின் முதல் குறளே 'தேர்ந்துசெய் வஃதே முறை' என்று முடிகிறது. முதலில் ஆராய வேண்டும், ஒறுப்பதெல்லாம் அப்புறம்தான்.

கண்ணகி பாண்டியனை 'தேரா மன்னா', அதாவது ஆராயாத மன்னனே என்று அழைத்தது அதனால்தான். கள்வனைக் கொல்வது கொடுங்கோல் அல்ல என்று அவன் வாதாடினான். அந்த விதி சரியா தப்பா என்று அவள் கேட்கவில்லை. கோவலன் கள்வன் இல்லை என்று சிலம்பை உடைத்துக் காட்டினாள்.

பாண்டியன் விசாரிக்கவே இல்லை, அதனால் வந்த வினை என்று நாம் ஆறுதல் கொள்ள முடியாது. லண்டனில் திமோத்தி எவன்ஸ் வழக்கு முறையாக விசாரிக்கப்பட்டது. குழந்தை மகளைக் கொன்றதாகக் குற்றச்சாட்டு. நீதிபதி, ஜூரி, மேல்முறையீடு எல்லாம் இருந்தன. 1950 மார்ச் 9-ல் அவரைத் தூக்கிலிட்டார்கள். அப்போது அவருக்கு வயது 25. அரசுத் தரப்பின் முக்கிய சாட்சி, அதே வீட்டில் கீழ்த்தளத்தில் குடியிருந்த ஜான் கிறிஸ்டி. கிறிஸ்டிதான் கொலைகாரன் என்று எவன்ஸ் சொன்னதை யாரும் நம்பவில்லை. 1953-ல் அந்த வீட்டில் பெண்களின் சடலங்கள் கிடைத்தன. எவன்ஸின் மனைவியையும் கொன்றதாகக் கிறிஸ்டியே ஒப்புக்கொண்டான். 1966-ல் எவன்ஸுக்கு அரச மன்னிப்பு வழங்கப்பட்டது. இல்லாத ஒருவருக்கு, அதுவும் அவர் செய்ததாக நிரூபிக்க முடியாத குற்றத்துக்கு மன்னிப்பு! இந்த வழக்கு உலுக்கிய உலுக்கலும் சேர்ந்துதான், கொலைக்குத் தூக்கு என்ற சட்டத்தை பிரிட்டன் 1965-ல் நிறுத்திவைத்து, 1969-ல் ஒரேயடியாகக் கைவிட்டது. ஆராய்ந்து தீர்ப்புச் சொன்னாலும் தவறு நேரும். சிறையில் இருப்பவரை வெளியே விடலாம், இழப்பீடு கொடுக்கலாம். எவன்ஸுக்கு எதையும் கொடுக்க வழியில்லை.

எழுதும்போது ஒன்றைக் கவனியுங்கள். தண்டனை 'விதிக்கப்பட்டது' வேறு, 'நிறைவேற்றப்பட்டது' வேறு. இரண்டுக்கும் நடுவில் மேல்முறையீடும் கருணை மனுவும் இருக்கின்றன. தீர்ப்பு வந்த அன்றே 'தூக்கு' என்று தலைப்புப் போட்டால் அந்த இடைவெளி வாசகரின் கண்ணிலேயே படாது. சட்டச் செய்தியில் 'மரண தண்டனை' பழகிய சொல், அதையே எழுதலாம். கட்டுரையில் 'சாவொறுப்பு' தாராளமாக வரலாம்.