இருபத்திரண்டு வயதில் எடுத்த ரத்தம்

அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவக் கல்லூரியில், கரோலின் பெடல் தாமஸ் என்ற மருத்துவர் 1940-களின் பிற்பகுதியில் ஒரு நீண்ட வேலையைத் தொடங்கினார். தன் கல்லூரி மாணவர்களின் ரத்தத்தில் கொலஸ்ட்ரால் எவ்வளவு என்று அளந்து எழுதிவைத்தார். எல்லோரும் நல்ல ஆரோக்கியத்தோடு இருந்தவர்கள், சராசரி வயது 22. படித்து முடித்து டாக்டர்களாகப் போன பிறகும் 27 முதல் 42 ஆண்டுகள் வரை அவர்களைத் தொடர்ந்து விசாரித்துக்கொண்டே இருந்தது அந்த ஆய்வு.

1993-இல் 1,017 ஆண்களின் கணக்கு வெளியானது. கொலஸ்ட்ரால் அளவின்படி அவர்களை வரிசையில் நிறுத்தினால், கீழ்க் கால்பங்கு முடிகிற இடத்தில் நிற்பவருக்கும் மேல் கால்பங்கு தொடங்குகிற இடத்தில் நிற்பவருக்கும் வித்தியாசம் டெசிலிட்டருக்கு 36 மில்லிகிராம்தான். மாணவனாக இருந்தபோது எடுத்த ஒரு குப்பி ரத்தத்தில் தெரிந்த அந்த 36, பிற்காலத்தில் இதயத் தமனி நோய் வரும் வாய்ப்பை இரண்டு மடங்காக்கியிருந்தது.

இதே வயதுக்காரர்களின் இதயத்தை நேரிலேயே பார்த்தவர்களும் உண்டு. கொரியப் போரில் இறந்த 300 அமெரிக்க வீரர்களைப் பிரேதப் பரிசோதனை செய்து 1953-இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். சராசரி வயது அங்கேயும் 22. நூற்றுக்கு 77 பேரின் இதயத் தமனிகளில் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு மாற்றம் தொடங்கியிருந்தது. சிலருக்கு லேசான தடிப்பு, சிலருக்குப் பெரிய அடைப்பு. உயிரோடு இருந்தவரை அவர்களுக்கு எந்த வலியும் தெரிந்திருக்காது.

கொலஸ்ட்ரால் நஞ்சல்ல. ஒவ்வொரு செல்லின் சவ்வுக்கும் அது வேண்டும். பித்த அமிலங்களும் பாலின ஹார்மோன்களும் அதிலிருந்துதான் உருவாகின்றன. சாப்பாட்டில் வருவதைவிட உடலே செய்துகொள்வதுதான் அதிகம். சிக்கல் எல்லாம் அதை எடுத்துப்போவதில் இருக்கிறது. ரசத்தின் மேல் நெய் மிதப்பதைப் போல, கொழுப்பு ரத்தத்தில் கரையாது. அதனால் கல்லீரல் அதைப் புரத உறை போட்ட உருண்டைகளாக்கி அனுப்புகிறது. முதலில் கிளம்பும் பெரிய உருண்டை வி.எல்.டி.எல். அதில் டிரைகிளிசரைடு என்ற எரிபொருள் கொழுப்பு நிறைந்திருக்கும். தசைகளுக்கும் கொழுப்புத் திசுக்களுக்கும் அதை இறக்கிக்கொண்டே போய், கடைசியில் கொலஸ்ட்ரால் மட்டும் மிகுந்த சிறு உருண்டையாகச் சுருங்கும். அதுதான் எல்.டி.எல்.

வேலை முடிந்த எல்.டி.எல்.-ஐப் பிடித்து உள்ளே இழுக்கக் கல்லீரல் செல்களின் மேல் ஏற்பிகள் இருக்கின்றன. இதை 1970-களில் டல்லாஸில் கண்டுபிடித்த மைக்கேல் பிரவுனும் ஜோசப் கோல்ட்ஸ்டைனும் 1985-இல் நோபல் பரிசு பெற்றார்கள். ஏற்பிகள் குறைந்தால் எல்.டி.எல். ரத்தத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கும். வனஸ்பதி, பாமாயில், ஆட்டுக்கொழுப்பு போன்றவற்றில் உள்ள நிறைவுற்ற கொழுப்பு ஏற்பிகளின் வேலையை மந்தமாக்குகிறது.

அப்படிச் சுற்றுகிற உருண்டைகளில் சில, தமனியின் உள்சுவருக்குள் நுழைந்து சிக்கிக்கொள்கின்றன. வெள்ளணுக்கள் வந்து அவற்றை விழுங்குகின்றன. விழுங்கி விழுங்கி ஊதி, நுரை போலாகி, சுவருக்குள்ளேயே தங்கிவிடுகின்றன. தமனியை வெட்டித் திறந்து பார்த்தால் உள்பக்கத்தில் மஞ்சள் கோடு மாதிரித் தெரியும். ‘அடைப்பு’ என்றதும் சாக்கடைக் குழாயில் எண்ணெய்ப் பிசுக்கு படிவதைத்தான் பலரும் நினைக்கிறார்கள். அந்தப் படம் தவறு. இது சுவருக்கு உள்ளே வளரும் புண். ஒருநாள் அது வெடிக்கும்போது அதன்மேல் ரத்தம் உறைந்து வழியை மூடுகிறது. அதுதான் பெரும்பாலான மாரடைப்பு.

அப்படியானால் கணக்கில் சேரவேண்டியது அளவு மட்டுமல்ல, அது எத்தனை ஆண்டுகள் நீடித்தது என்பதும்தான். இதற்கு என்னை மிகவும் யோசிக்கவைத்த சான்று 2006-இல் வந்தது. பி.சி.எஸ்.கே.9 என்ற புரதம் எல்.டி.எல். ஏற்பிகளை அழிக்கும். அந்த மரபணு பிறவியிலேயே பழுதான ஆப்பிரிக்க அமெரிக்கர்களுக்கு எல்.டி.எல். 28 விழுக்காடுதான் குறைவாக இருந்தது. இதய நோயோ 88 விழுக்காடு குறைவு! நடுவயதுக்குப் பிறகு மாத்திரையால் எல்.டி.எல்.-ஐ அதே அளவு குறைத்தாலும் பலன் இவ்வளவு கிடைப்பதில்லை. அவர்களுக்கு அது பிறந்த நாள் முதலே குறைவாக இருந்தது.

நம் ஊருக்கு வருவோம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஐ.சி.எம்.ஆர்.-இண்டியாப் ஆய்வு தமிழ்நாடு, மகாராஷ்டிரா, ஜார்கண்ட், சண்டிகர் ஆகிய இடங்களில் 20 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களின் ரத்தக் கொழுப்பை அளந்து 2014-இல் வெளியிட்டது. எல்.டி.எல். கூடியவர்கள் 11.8 விழுக்காடு. டிரைகிளிசரைடு கூடியவர்கள் 29.5. ‘நல்ல கொலஸ்ட்ரால்’ எனப்படும் இன்னொரு வகை உருண்டையான எச்.டி.எல். குறைந்தவர்கள் 72.3. நம்மைப் பிடித்திருப்பது இந்தக் கடைசி இரண்டும்தான்.

இரண்டும் ஒரே கயிற்றின் இரு முனைகள். ஹாஸ்டல் சாப்பாட்டை நினைத்துப் பாருங்கள். காலையில் பொங்கல், மதியம் ஒரு தட்டு சோறு, சாயங்காலம் சர்க்கரை போட்ட டீயும் பஜ்ஜியும், ராத்திரி மூன்று பரோட்டா. தேவைக்கு மேல் வரும் மாவையும் சர்க்கரையையும் கல்லீரல் டிரைகிளிசரைடாக மாற்றி வி.எல்.டி.எல். உருண்டைகளில் ஏற்றுகிறது. வார இறுதி பீரும் அதே வேலையைத்தான் செய்யும். ரத்தத்தில் வி.எல்.டி.எல். பெருகும்போது ஒரு பண்டமாற்று நடக்கிறது. அது தன் டிரைகிளிசரைடைக் கொடுத்து எச்.டி.எல்.-இடமிருந்து கொலஸ்ட்ராலை வாங்கிக்கொள்கிறது. டிரைகிளிசரைடு ஏறிய எச்.டி.எல். சீக்கிரம் சிதைந்து கழிந்துவிடும். எல்.டி.எல்.-உம் இதே மாற்றில் சிறுத்து அடர்த்தியாகிறது. எச்.டி.எல்.-ஐ மட்டும் மருந்தால் ஏற்றிப் பார்த்தார்கள், இதயத்துக்கு எதிர்பார்த்த நன்மை கிடைக்கவில்லை. குறைந்த எச்.டி.எல். பெரும்பாலும் வேறெங்கோ நடப்பதன் அடையாளம்.

இதில் ஓர் ஏமாற்றும் இருக்கிறது. ஒரு மாணவனின் லேப் ரிப்போர்ட்டில் மொத்தக் கொலஸ்ட்ரால் 180, எச்.டி.எல். 32, டிரைகிளிசரைடு 240 என்று வைத்துக்கொள்வோம். 200-க்குக் கீழ் இருப்பதால் ‘நார்மல்’ என்று மடித்துவைத்துவிடுவார்கள். எல்.டி.எல்.-ஐப் பல லேப்கள் நேரடியாக அளப்பதில்லை. மொத்தத்திலிருந்து எச்.டி.எல்.-ஐயும் டிரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழிப்பார்கள்: 180 − 32 − 48 = 100. அதுவும் நல்லபடியாகவே தெரியும். மொத்தத்திலிருந்து எச்.டி.எல்.-ஐ மட்டும் கழித்தால்தான், வி.எல்.டி.எல்.-இல் உள்ளதும் சேர்ந்து 148 வரும். அது 130-க்குக் கீழே இருப்பது நல்லது. ரிப்போர்ட்டில் முதலில் பார்க்கவேண்டிய எண் இதுதான் என்பேன்.

ஆறுதலான செய்தி, டிரைகிளிசரைடு சில வாரங்களிலேயே இறங்கக்கூடியது. தசை வேலை செய்யும்போது அதன் நுண்குழாய்களில் உள்ள ஒரு நொதி, வி.எல்.டி.எல்.-இலிருந்து கொழுப்பைப் பிரித்து எரிக்கக் கொடுக்கிறது. நாள் முழுக்க உட்கார்ந்தே இருந்தால் அந்த நொதி தூங்கிவிடும். தினமும் வேர்க்க நடப்பதும், பரோட்டாவுக்குப் பதில் சுண்டல் சாப்பிடுவதும், குளிர்பானத்தை விடுவதும் ரிப்போர்ட்டில் தெரியும்.

எல்.டி.எல். 190-ஐத் தாண்டியிருந்தால் கதை வேறு. அது மெஸ் சாப்பாட்டால் மட்டும் வந்திருக்காது, ஏற்பி மரபணுவிலேயே பழுது இருக்கலாம். ஏறக்குறைய 250 பேரில் ஒருவருக்கு இது உண்டு. குதிகாலுக்கு மேலுள்ள தசைநாண் தடித்திருப்பதும், அப்பாவுக்கு 55 வயதுக்குள் மாரடைப்பு வந்திருப்பதும் இதற்கான தடயங்கள். இவர்களுக்கு நடையும் பத்தியமும் போதாது, மாத்திரை வேண்டும். இது பெற்றோரிடமிருந்து வருவது என்பதால் உடன்பிறந்த ஒவ்வொருவருக்கும் இருக்கும் வாய்ப்பு பாதிக்குப் பாதி. அப்படி 190-ஐத் தாண்டிய ஒரு மாணவன் ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போகும்போது, பத்தாவது படிக்கும் தங்கையையும் லேபுக்குக் கூட்டிப்போக வேண்டும்.