போளை ஒன்று, அடர்த்தி மூன்று

"டீச்சர், விடை 2.5 வரவேணுமெண்டா கனவளவு எவ்வளவு எண்டு போடவேணும்?"

தரம் 10 பிள்ளை ஒன்று செய்முறைப் பாடத்தின் நடுவில் என்னிடம் கேட்டது இது. கையில் கண்ணாடிப் போளை. கொப்பிக்குக் கீழே டியூசனில் கொடுத்த டியூட், அதில் கண்ணாடியின் அடர்த்தி அச்சாகியே இருந்தது. எனக்குக் கோபம் வரவில்லை. பக்கத்து மேசைக்காரர் கேட்காமலே அதைத்தான் செய்துகொண்டிருந்தார்கள்.

கொழும்பில் பள்ளி விட்டதும் வெள்ளவத்தைக்கும் கொட்டாஞ்சேனைக்கும் வகுப்புக்கு ஓடும் பிள்ளைகளுக்கு அடர்த்திச் சூத்திரம் தண்ணீர் பட்ட பாடு. திணிவைக் கனவளவால் பிரி, முடிந்தது. அந்தக் கனவளவை எடுப்பதில்தான் எல்லாம் கெடுகிறது என்பதை மட்டும் யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை.

அன்று நடந்ததையே சொல்கிறேன். போளையின் திணிவு 5.36 கிராம். இலத்திரனியல் தராசு காட்டியது, மூன்று பேர் வைத்துப் பார்த்தும் மாறவில்லை. அளவுச்சாடியோ 100 மில்லிலீற்றர் கொள்வது, கோட்டுக்குக் கோடு 1 மில்லிலீற்றர். 50 வரை தண்ணீர் விட்டுப் போளையைப் போட்டார்கள். ஒருத்தி 52 என்றாள். அடுத்தவள் பிறையுருவின், அதாவது தண்ணீரின் வளைந்த மேல்மட்டத்தின், விளிம்பைப் பார்த்து 53 என்றாள். இன்னொருத்தி நடுவில் நின்று 52.5 என்றாள். அடர்த்தி முறையே 2.68, 1.79, 2.14. ஒரே போளை! அதிலும் கணிப்பான் காட்டிய 2.1440 என்பதை நாலு தசமத்தோடு அப்படியே எழுதி வைத்திருந்தாள் மூன்றாமவள்.

பிறையுருவின் அடிப்பகுதியைக் கண்மட்டத்தில் வைத்து வாசி என்று நாம் நாள்தோறும் கத்துகிறோம். அது சரிதான். ஆனால் எவ்வளவு கவனமாக வாசித்தாலும் அந்தச் சாடியில் அரை மில்லிலீற்றர் அங்கிங்கு போகும். 2 மில்லிலீற்றரை அளக்கப்போய் அரை தவறினால் நாலில் ஒரு பங்கு போயிற்று. 43 மில்லிலீற்றரில் அதே அரை தவறினால் ஒரு சதவீதம் சொச்சம்தான். ஆகவே இருபது போளைகளைப் போடச் சொன்னேன். சாடியைச் சரித்துப் பிடித்து ஒவ்வொன்றாக வழுக்கிவிட வேண்டும். மேலிருந்து போட்டால் சாடியின் அடி உடையும். போளைகளில் ஒட்டியிருக்கும் காற்றுக் குமிழ்களும் இடம் பிடிக்கும், சாடியை மெல்லத் தட்டினால் மேலே வந்துவிடும். நீர்மட்டம் 40இலிருந்து 83க்கு ஏறியது. மொத்தத் திணிவு 107.2 கிராம். அடர்த்தி 2.49.

இருபது போளை கிடைக்கும், ஒரேயொரு கல்லுக்கு என்ன செய்வது? தராசு நம்பகமானது என்றால் கனவளவையும் அதனிடமே கேட்கலாம். முகவையில் தண்ணீர் எடுத்துத் தராசில் வைத்துப் பூச்சியமாக்குங்கள். போளையை நூலில் கட்டித் தண்ணீரில் முழுதாக மூழ்கவிடுங்கள். அடியிலோ சுவரிலோ முட்டக்கூடாது. தண்ணீர் போளையை மேலே தள்ளுகிறது, போளை தண்ணீரைக் கீழே அழுத்துகிறது. அந்த அழுத்தம்தான் தராசில் தெரியும். எங்களுக்கு 2.14 கிராம் வந்தது. இடம்பெயர்ந்த தண்ணீரின் திணிவு அது, ஆகவே கனவளவு 2.14 கன சென்ரிமீற்றர், அடர்த்தி 2.50. ஆக்கிமிடீசைப் பாடமாக்கிய பிள்ளைகள் அன்றுதான் அவரைக் கண்டார்கள். (30 பாகை செல்சியசில் தண்ணீரின் அடர்த்தி 1000 அல்ல, கன மீற்றருக்கு 995.7 கிலோகிராம். இங்கே அது பெரிதாக எதையும் மாற்றாது.)

திரவத்துக்கும் இதே கதைதான். தேங்காய் எண்ணெயைச் சாடியில் அளந்து முகவைக்கு ஊற்றி நிறுக்கிறார்கள்; பாதி வழு சாடியின் சுவரிலேயே ஒட்டிக் கிடக்கிறது. அடர்த்திப் போத்தல் (மூடியில் நுண்துளை உள்ள, நிரப்பும் ஒவ்வொரு முறையும் ஒரே கனவளவு கொள்ளும் சிறு போத்தல்) இருந்தால் வெறும் போத்தல், தண்ணீரோடு, எண்ணெயோடு என்று மூன்று முறை நிறுங்கள். எண்ணெயின் திணிவைத் தண்ணீரின் திணிவால் வகுத்தால் சாரடர்த்தி, அதாவது தண்ணீரின் அடர்த்தியைப்போல் எத்தனை மடங்கு என்பது, வரும், 0.92ஐ ஒட்டி. போத்தல் சரியாக 50 மில்லிலீற்றர்தானா என்ற கவலையே இல்லை. போத்தலைக் கழுத்தில் பிடியுங்கள். உள்ளங்கைச் சூட்டில் திரவம் விரிந்து மூடியின் நுண்துளையால் வழியும். ஒருமுறை ஏசி போட்ட அறையில் எண்ணெயை இரவு முழுக்க விட்டுவிட்டோம், காலையில் பார்த்தால் வெள்ளையாக உறைந்து கிடக்கிறது. 24 பாகைக்குக் கீழே அது திரவமே இல்லை.

ஆசிரியர்களுக்குத் தனியாக ஒன்று. உயர்தர வகுப்பில் இரண்டு திரவங்களை இரு குழாய்களில் ஏற்றி உயரங்களை ஒப்பிடும் ஹெயார் உபகரணத்தில், இறப்பர் குழாயை வாயால் உறிஞ்சும் பழக்கம் இன்னும் போகவில்லை. என் வகுப்பில் ஒரு பையன் கொஞ்சம் பலமாக உறிஞ்சிச் செப்புச் சல்பேற்றுக் கரைசல் வாய்க்குள் போய்விட்டது. உடனே துப்பி, வாயைக் கழுவிக் கழுவி, வாந்தி வருமோ என்று ஒரு மணித்தியாலம் பக்கத்திலேயே வைத்திருந்தேன். தவறு என்னுடையது. மருந்துக் கடையில் பெரிய சிரிஞ்ச் ஒன்று வாங்கினால் போதும்: குழாயில் மாட்டி இழுத்து, கிளிப்பைப் போட்டுவிடலாம். மண்ணெண்ணெய் என்றால் கேட்கவே வேண்டாம். நுரையீரலுக்குள் போனால் ஆஸ்பத்திரிதான்.

நூலில் கட்டித் தொங்கவிடும் கதை வீடு வரைக்கும் போயிருக்கிறது. பெற்றோர் கூட்டத்தில் ஒரு தாய், செட்டியார் தெருவில் வாங்கிய வளையலை இப்படிப் பார்க்கலாமா என்று கேட்டார். பார்க்கலாம் அம்மா, 22 கரட் என்றால் அடர்த்தி 17க்கும் 18க்கும் இடையில் வரும், ஒரு பவுன் 8 கிராம் என்பதால் ஒரு பவுன் வளையல் தண்ணீரில் 0.45 கிராம் அளவுதான் காட்டும், சாடியில் தெரியவே தெரியாது என்றேன். கல் பதித்ததா என்று கேட்டேன். ஆமாம், உள்ளுக்குள் பொள்ளலும்கூட என்றார். அப்படியென்றால் வரும் அடர்த்தி தங்கத்தினுடையதாக இராது, கொண்டுவர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.