கலைக்களஞ்சியத்தில் கறுப்பு மை பூசும் முன்

மறுபடியும் ஒரு தொகுதி பாழாயிற்று. உலக மதங்களைப் பற்றிய ஆங்கிலக் கலைக்களஞ்சியம் அது. எங்கள் நூலகத்தில், வீட்டுக்கு இரவல் தராத குறிப்புதவி அலமாரியில் இருந்தது. நபிகள் நாயகம் பற்றிய கட்டுரையில் இடம்பெற்ற பழைய ஓவியம் ஒன்றின் மேல் யாரோ தடித்த மார்க்கர் பேனாவால் அழுத்தி அழுத்திக் கறுப்படித்திருக்கிறார்கள். மை தாளைத் துளைத்துப் பின்பக்கத்திலும் இறங்கிவிட்டது. அங்கே இருந்தது நபியவர்கள் மக்காவிலிருந்து மதீனாவுக்குக் குடிபெயர்ந்த ஹிஜ்ரத் பயணத்தின் வழித்தட வரைபடம். மக்காவும் தௌர் குகையும் இப்போது இல்லை. மதீனாவில் பாதி மிஞ்சியிருக்கிறது. நம் உப்புக்காற்றின் ஈரத்தில் அந்தப் பக்கம் எதிர்ப்பக்கத்தோடு ஒட்டிக்கொண்டு, பிரிக்கும்போது அதுவும் கிழிந்தது.

(கிழிந்த தாளைக் கண்டால் தயவுசெய்து செல்லோடேப் ஒட்டாதீர்கள். பசை பழுப்பேறி எழுத்தையே தின்றுவிடும். அப்படியே எங்களிடம் கொடுங்கள்.)

'அவர்கள் எப்போதும் இப்படித்தான்' என்று இதற்குள் ஆரம்பித்துவிட்டவர்கள் கொஞ்சம் பொறுங்கள். சமணத் தீர்த்தங்கரர் சிலையின் படத்துக்குப் பால்பாயின்ட் பேனாவால் வேட்டி கட்டிவிட்ட பக்கமும் எங்கள் நூலகத்தில் இருக்கிறது. கோயில் சிற்பங்களைப் பற்றிய நூலிலிருந்து பிளேடால் நறுக்கி எடுக்கப்பட்ட படங்களும் உண்டு. இராமநாதபுரம் கடற்கரையில் எல்லா மதத்தார் கையிலும் பேனா இருக்கிறது.

எனக்கு அலுத்துப்போனது ஒரே ஒரு வாக்கியம்தான்: "நம்மைப் புண்படுத்துவதற்காக எதிரிகள் வரைந்த படம், சார்." ஒவ்வொரு முறையும் இதையே சொல்கிறார்கள். படித்தவர்கள் சொல்கிறார்கள், ஆசிரியர்கள் சொல்கிறார்கள். ஆகவே இதற்கு மட்டும் விரிவாகப் பதில் எழுதிவிடுகிறேன்.

கறுப்படிக்கப்பட்ட ஓவியம் எது தெரியுமா? மக்காவின் கஅபா ஆலயத்தைப் புதுப்பித்தபோது கறுப்புக் கல்லை யார் தூக்கி வைப்பது என்று குறைஷிக் குலங்களுக்குள் சண்டை மூண்டது. நபியவர்கள் கல்லைத் துணியின் நடுவில் வைத்து, எல்லாக் குலத்தாரையும் ஓரங்களைப் பிடித்துத் தூக்கச் செய்து வழக்கைத் தீர்த்தார்கள். மதரஸாவுக்குப் போன எந்தக் குழந்தையும் ஒப்பிக்கும் நிகழ்ச்சி. அந்தக் காட்சிதான் அது. பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இன்றைய ஈரானின் தப்ரீஸ் நகரில், ரஷீதுத்தீன் என்ற முஸ்லிம் அமைச்சர் எழுதிய உலக வரலாற்று நூலுக்காக வரையப்பட்டது. நம் கடற்கரையை 'மஅபர்' என்று குறிப்பிட்டு எழுதியவரும் இதே ரஷீதுத்தீன்தான். அதன் கையெழுத்துப் பிரதியில் ஒரு பகுதி இன்று எடின்பரோ பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது.

இது ஒன்று மட்டுமல்ல. தைமூரின் மகன் ஷாருக் ஆண்ட ஹிராத் நகரில், 1436-ஐ ஒட்டி, நபியவர்களின் விண்ணேற்றமான மிஃராஜ் பயணத்தை வரிசையாகப் படங்களில் தீட்டிய நூல் உருவாயிற்று. இப்போது பாரிஸில் இருக்கிறது. துருக்கியை ஆண்ட உதுமானிய சுல்தான் மூன்றாம் முராத் நபியவர்களின் வரலாற்றை ஆறு தொகுதிகளாக ஓவியங்களோடு எழுதச் சொல்லி உத்தரவிட்டார். 1595-இல் வேலை முடிந்தது. அதில் நபியவர்களின் முகம் வெள்ளைத் திரையால் மூடியே வரையப்பட்டிருக்கிறது. ஆறில் ஒரு தொகுதி நியூயார்க் பொது நூலகத்தில் பத்திரமாக இருக்கிறது. வரையச் சொன்னவர் சுல்தான், வரைந்தது அரண்மனை ஓவியர்கள், பார்த்தது அரசவை. இதில் எதிரி யார்?

2005-இல் டென்மார்க் பத்திரிகை வெளியிட்ட கேலிச்சித்திரங்கள் வேறு. சீண்டிப் பார்ப்பதற்காகவே வரையப்பட்டவை என்று அவற்றைக் குறித்து ஒருவர் கோபப்பட்டால் எனக்குப் புரிகிறது. ஆனால் அவற்றையும் இந்த ஓவியங்களையும் ஒரே மூட்டையில் கட்டக்கூடாது. அமெரிக்காவில் ஹாம்லைன் பல்கலைக்கழகத்தில் 2022-இல் அதுதான் நடந்தது. ரஷீதுத்தீன் நூலின் இன்னொரு ஓவியத்தைக் கலை வரலாற்று வகுப்பில் ஓர் ஆசிரியை காட்டினார். பார்க்க விரும்பாதவர்கள் பார்க்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் காட்டினார். அப்படியும் புகார் எழுந்தது. அடுத்த பருவத்துக்கு அவருக்கு வேலை இல்லை. அவருக்காகப் பேசியவர்களில் அந்நாட்டு முஸ்லிம் அமைப்பு ஒன்றும் இருந்தது என்பதை நம் ஊர் வாட்ஸ்அப் செய்திகள் சொல்வதில்லை.

அப்படியானால் படம் வரைவதை மார்க்கம் அனுமதிக்கிறது என்கிறீர்களா என்று கேட்காதீர்கள். மார்க்கத் தீர்ப்பு மார்க்க அறிஞர்களான ஆலிம்சாக்களின் வேலை. உருவம் வரைபவர்களைக் கண்டிக்கும் ஹதீஸ்கள், அதாவது நபிமொழிகள், இருப்பதும், பெரும்பான்மையான சுன்னத் ஜமாஅத்தார் நபிமார்களின் உருவத்தை ஏற்காததும் எனக்குத் தெரியும். வரைந்தவர்கள் இருந்தார்கள் என்பது ஒரு தகவல். அந்தத் தகவலைச் சேர்த்து வைப்பதுதான் கலைக்களஞ்சியத்தின் தொழில். 'இதுதான் அவருடைய முகம்' என்று எந்த நல்ல கலைக்களஞ்சியமும் சொல்வதில்லை. படத்தின் கீழே பொடி எழுத்தில் இருக்கும் குறிப்பைப் படித்தால் ஆண்டும் ஊரும் சுவடியின் பெயரும் தெரியும். அந்தக் குறிப்பைப் படிக்காமலேயே பேனாவைத் திறக்கிறார்கள் என்பதுதான் என் வயிற்றெரிச்சல்.

என் சக நூலகர்களுக்கும் ஒரு வார்த்தை. ஆட்சேபத்தோடு வருகிறவரைப் 'பிற்போக்கு' என்று உதட்டைச் சுழித்து அனுப்புகிறோமே, அது தவறு. உருவமில்லாமல் நினைப்பது இந்தக் கரையின் பழைய பழக்கம். கீழக்கரைப் பழைய ஜும்மா பள்ளியின் கல்தூண்களைப் போய்ப் பாருங்கள்: கோயில் தூணின் அதே கட்டமைப்பு, அதே உளிவேலை, உருவம் வரவேண்டிய இடத்தில் பூவும் கொடியும். அதே ஊர் வள்ளல் சீதக்காதியின் ஆதரவோடு தொடங்கிய சீறாப்புராணத்தில் உமறுப்புலவர் நபியவர்களை ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட விருத்தங்களில் பாடினார். சொல்லால் தீட்டியவர்களுக்குத் தூரிகை தேவைப்படவில்லை. இப்படி வளர்ந்த ஒருவர் திடீரென்று படத்தைப் பார்த்தால் திடுக்கிடத்தான் செய்வார். அந்தத் திடுக்கிடலை மதியுங்கள். நாற்காலி கொடுத்து உட்காரவைத்துப் பேசுங்கள்.

அண்மையில் வந்த ஓர் இளைஞரிடம் அப்படித்தான் பேசினேன். நல்ல பையன், குரலை உயர்த்தவில்லை. பக்கத்தைக் கைபேசியில் படம் பிடித்து வைத்திருந்தார்.

"யாருக்கெல்லாம் அனுப்பினீர்கள், தம்பி?"

"எங்கள் ஊர்க் குழுவுக்கு மட்டும்தான், சார்."

ஊர்க் குழு என்றால் துபாயும் கொழும்பும் கோலாலம்பூரும் சேர்ந்தது. அலமாரியில் தூசி படிந்து கிடந்த படத்தைக் கடல் தாண்டி அனுப்பியிருக்கிறார், யாரும் பார்க்கக்கூடாது என்பதற்காக! கண்டித்து அனுப்பினாலும் பரப்பியது பரப்பியதுதான். அடுத்த கையில் அது கண்டனமில்லாமல் வெறும் படமாகவும், அதற்கடுத்த கையில் கேலியாகவும் போகும். செய்யாதீர்கள்.

விக்கிப்பீடியாவைப் பற்றியும் அந்தத் தம்பி கேட்டார். 2008-லேயே ஆங்கில விக்கிப்பீடியாவிலிருந்து இப்படங்களை நீக்கச் சொல்லிப் பெரிய இணையக் கையெழுத்து இயக்கம் நடந்தது. நீக்கவில்லை, இனியும் கையெழுத்துக்காக நீக்கமாட்டார்கள். கட்டுரையின் முகப்பில் அழகிய அரபு எழுத்தணிதான் இருக்கிறது. ஓவியங்கள் கீழே வருகின்றன. வேண்டாதவர்கள் தங்கள் திரையில் மட்டும் படங்களை மறைத்துக்கொள்ளும் வழியை அவர்களே விளக்கியிருக்கிறார்கள். பஹாய் சமயத்தாருக்கும் இதே மனக்குறை உண்டு. அவர்களுடைய நிறுவனர் பஹாவுல்லாவின் படம் உண்மையான புகைப்படம். பொதுவில் காட்ட விரும்பமாட்டார்கள். அதுவும் கட்டுரையின் கீழ்ப்பகுதியில் இருக்கிறது.

இன்னொரு வழியும் உண்டு. அமெரிக்க உச்ச நீதிமன்றச் சுவரில் உலகின் சட்டம் வகுத்தவர்கள் வரிசையில் நபியவர்களின் உருவமும் செதுக்கப்பட்டிருக்கிறது. 1997-இல் அங்குள்ள முஸ்லிம் அமைப்பு அகற்றக் கோரியது. அகற்றவில்லை. ஆனால் விளக்கக் குறிப்பைத் திருத்தினார்கள்: சிற்பி மரியாதை செய்யவே முயன்றார், உருவத்துக்கும் நபியவர்களுக்கும் ஒப்புமை ஏதுமில்லை என்று. உளி, சுத்தியல் எதுவும் இல்லாமல் கிடைத்தது இது.

'போலீசில் புகார் கொடுப்பேன்' என்பவர்களுக்கு: இந்தியத் தண்டனைச் சட்டத்தின் பழைய 295ஏ பிரிவு, 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 299-ஆம் பிரிவு. இரண்டும் வேண்டுமென்றே, கெட்ட நோக்கத்தோடு மதத்தை இழிவுபடுத்துவதைப் பற்றியவை. நூலக அலமாரியில் கலைக்களஞ்சியம் இருப்பது அதில் வராது என்பது என் புரிதல். பொதுச் சொத்தைக் கெடுப்பது என்ன என்று நீங்களே வக்கீலைக் கேட்டுக்கொள்ளுங்கள். 1948-ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டப்படி உங்கள் வீட்டு வரியோடு வசூலான நூலக வரியில் வாங்கிய புத்தகம்தான் அது. உங்கள் காசு.

சீண்டுவதற்கென்றே அந்தப் பக்கத்தைத் திறந்து மேசையில் விரித்து வைத்துவிட்டுப் போகும் ஆசாமிகளே, உங்களையும் கவனித்துக்கொண்டுதான் இருக்கிறேன். அடுத்த முறை உறுப்பினர் அட்டை என் கைக்கு வந்துவிடும்.

பார்க்க விருப்பமில்லையா, வந்ததும் சொல்லுங்கள். படத்தின் மேல் வெள்ளைத் தாளைச் செருகித் தருகிறோம், கட்டுரையை நிம்மதியாகப் படிக்கலாம். பிள்ளைகளை அனுப்பும் வாப்பா, உம்மாமார்கள் பொறுப்பாளரிடம் ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள். குறிப்பில் பிழை இருந்தால் மேசையிலுள்ள பதிவேட்டில் தொகுதி எண்ணையும் பக்க எண்ணையும் எழுதுங்கள். பதிப்பகத்துக்கு நானே கடிதம் போடுகிறேன். தொண்டியில் பிறந்த எம்.ஆர்.எம். அப்துற்-றஹீம் தமிழில் தொகுத்த இசுலாமியக் கலைக்களஞ்சியத்தையும் கேட்டு வாங்கிப் படியுங்கள்; அதைக் கேட்பவர்களே குறைந்துபோனார்கள்.

ஜமாஅத் பெரியவர்களிடமும் பேஷ் இமாம்களிடமும் ஒரு வேண்டுகோள். ஜும்மா உரையில் இரண்டு நிமிடம் இதைப் பற்றிப் பேசுங்கள். நான் சொல்வதைவிட நீங்கள் சொன்னால் காதில் ஏறும். முதலில் நீங்களே ஒரு நாள் வந்து தொகுதிகளைப் புரட்டிப் பாருங்கள். லுஹர் என்னும் நண்பகல் தொழுகைக்குப் பிறகு வந்தால் கூட்டம் இருக்காது, எல்லாவற்றையும் எடுத்து வைக்கிறேன்.