ரோமாபுரியின் வெள்ளி கரைந்த கதை

ரோமானியர்கள் கிரீன்லாந்தில் கால் வைத்ததே இல்லை. அப்படியொரு தீவு இருப்பதுகூட அவர்களுக்குத் தெரியாது. ஆனால் அவர்களுடைய அரசு எப்போது செழித்தது, எப்போது நொடிந்தது என்ற கணக்கு அந்தத் தீவின் பனிக்குள் ஆண்டுவாரியாகப் பதிந்து கிடக்கிறது.

கிரீன்லாந்தில் ஒவ்வோர் ஆண்டும் பெய்கிற பனி, போன ஆண்டுப் பனியின் மேல் படிந்து இறுகுகிறது. அந்த ஆண்டுக் காற்றில் என்ன தூசு இருந்ததோ அதுவும் கூடவே அகப்பட்டுக்கொள்ளும். துளையிட்டு எடுத்த 400 மீட்டருக்கும் நீளமான பனித்தண்டை மெல்ல உருக்கி, அதிலுள்ள காரீயத்தை 21,000 முறைக்கு மேல் அளந்து, 2018இல் ஓர் ஆய்வுக்குழு முடிவுகளை வெளியிட்டது. கி.மு. 1100 முதல் கி.பி. 800 வரையிலான காலம் அதில் அடங்கும். ஸ்பெயினை ரோம் பிடித்த காலத்தில் காரீயம் ஏறுகிறது. கி.மு. முதல் நூற்றாண்டின் உள்நாட்டுப் போர்களில் இறங்குகிறது. முதல் பேரரசர் அகஸ்டஸ் ஆட்சிக்கு வந்து அமைதி திரும்பியதும் மறுபடி மேலே போகிறது. கி.பி. 165ஐ ஒட்டிச் சட்டென்று சரிந்து, பிறகு 500 ஆண்டுகளுக்கு மேலாகியும் பழைய உயரத்தை எட்டவே இல்லை.

காரீயத்துக்கும் பேரரசுக்கும் என்ன சம்பந்தம்? இடையில் இருப்பது வெள்ளி.

வெள்ளி மண்ணில் தனியாகக் கிடைப்பது அரிது. பெரும்பாலும் காரீயத் தாதுக்குள் ஒளிந்திருக்கும். அந்தத் தாதுவை உருக்கி எடுத்த ஒரு டன் காரீயத்தில் ஒரு கிலோ வெள்ளி இருந்தாலே நல்ல சுரங்கம். அந்த ஒரு கிலோவைப் பிரிப்பதற்கு, காரீயத்தைச் சாம்பல் பூசிய குழியில் வைத்து 900 டிகிரிக்கு மேல் காய்ச்சி, துருத்தியால் விடாமல் காற்று ஊதுவார்கள். காரீயம் ஆக்சிஜனோடு சேர்ந்து மிருதார்சிங்கியாக மாறும். சித்த மருத்துவத்தில் பேசப்படும் அதே பொருள்தான். அது சாம்பலுக்குள் ஊறி இறங்கிவிடும். வெள்ளி அந்தச் சூட்டில் ஆக்சிஜனோடு சேராது. அதனால் கடைசியில் குழியின் நடுவே வெள்ளி மட்டும் திரண்டு மின்னும். இத்தனை காய்ச்சலில் கொஞ்சம் காரீயம் புகையோடு புகையாக மேலே போய்விடும். அந்தப் புகைதான் காற்றில் 4,000 கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து கிரீன்லாந்துப் பனியில் விழுந்தது. ஆக, பனியில் காரீயம் கூடினால் எங்கோ வெள்ளி உலைகள் எரிகின்றன என்று அர்த்தம்.

அந்த உலைகளில் பல ஸ்பெயினில் இருந்தன. வட ஆப்பிரிக்காவிலிருந்த எதிரி அரசான கார்த்தேஜை வென்றதும், தென்கிழக்கு ஸ்பெயினின் கார்த்தஹேனா பகுதிச் சுரங்கங்கள் ரோமின் கைக்கு வந்தன. அங்கே 40,000 பேர் வேலை செய்ததாகவும், நாளொன்றுக்கு 25,000 திராக்மா ரோமுக்குக் கிடைத்ததாகவும் பாலிபியஸ் என்ற கிரேக்க வரலாற்றாசிரியர் எழுதியிருக்கிறார். சுரங்கத்துக்குள் உழைத்தவர்களில் பெரும்பாலோர் அடிமைகள். போரில் தோற்ற ஊரின் மக்கள் அடிமையாகிச் சுரங்கத்துக்குப் போவார்கள், அவர்கள் தோண்டிய வெள்ளி அடுத்த போருக்குச் சம்பளமாகும். ரோமின் எழுச்சி என்று நாம் பெருமையாகப் படிப்பதன் அடியில் ஓடிய சக்கரம் இதுதான். அது எவ்வளவு வேகமாகச் சுழன்றது என்பதற்கு ஓர் உதாரணம் போதும்: மாசிடோனியாவை வென்று கொண்டுவந்த கொள்ளைப் பொருளால் கருவூலம் நிரம்பி, கி.மு. 167இல் இத்தாலியிலிருந்த ரோமானியக் குடிமக்களுக்குச் சொத்து வரியையே நிறுத்திவிட்டார்கள்.

அந்தச் சம்பளத்தின் அலகு தெனாரியஸ் என்ற வெள்ளிக்காசு. இன்றைக்குப் பல நாடுகளில் புழங்கும் தினார் என்ற சொல்லுக்கு மூலம் அதுதான். அகஸ்டஸ் காலத்தில் ஒரு ரோமன் ராத்தல் வெள்ளியில், அதாவது சுமார் 325 கிராமில், 84 காசு அடித்தார்கள். காசு ஏறக்குறைய 3.9 கிராம். நூற்றுக்கு 97 பங்கு வெள்ளி.

சரி, ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். படைவீரனுக்கு ஆண்டுச் சம்பளம் 225 தெனாரியஸ். லீஜியன் எனப்படும் படைப்பிரிவுகள் 25, ஒன்றுக்கு சுமார் 5,000 பேர். முழுவதையும் வெள்ளிக்காசாகவே எடைபோட்டால் ஆண்டுக்கு 110 டன் வருகிறது. துணைப்படைகள், அதிகாரிகள், கப்பற்படை, ஓய்வுபெறுவோருக்கான தொகை எல்லாம் இதில் சேரவில்லை. இந்த வெள்ளி வரியாகத் திரும்பி வரும்தான். ஆனாலும் வழியில் தேயும், புதையும், எல்லைக்கு வெளியே போகும். சுரங்கம் ஊறிக்கொண்டே இருக்க வேண்டும், அல்லது புதிய நாடு பிடிபட வேண்டும்.

இரண்டும் போதாதபோது என்ன செய்வது என்று கி.பி. 64இல் பேரரசர் நீரோ காட்டினார். ராத்தலுக்கு 96 காசு என்று எடையைக் குறைத்தார், வெள்ளியின் மாற்றையும், அதாவது தூய்மையையும், நூற்றுக்கு 80க்கு இறக்கினார். ஏழு பழைய காசை உருக்கினால் கிட்டத்தட்ட பத்துப் புதிய காசு கிடைக்கும்.

பார்ப்பவர்களுக்கு இது தெரியாமல் போனதுதான் இதன் நுட்பம். வெள்ளியோடு செம்பு கலந்த வில்லையைச் சூடாக்கினால் மேற்பரப்பிலுள்ள செம்பு ஆக்சைடாகிக் கறுக்கும். அமிலக் கரைசலில் ஊறப்போட்டால் அந்தச் செம்பு ஆக்சைடு மட்டும் கரைந்து போகும். கறுத்த செப்புக் குடத்தைப் புளி போட்டுத் தேய்க்கிறோமே, அதே வேதியியல்தான். மேலே ஏறக்குறைய சுத்த வெள்ளியால் ஆன மெல்லிய தோல் மிஞ்சும். அதன் மேல் முத்திரை அடித்தால் தோல் அழுந்திப் பளபளக்கும். இந்தத் தோல் பிற்கால ஆய்வாளர்களையும் ஏமாற்றியது. எக்ஸ்கதிரால் மேற்பரப்பை மட்டும் சோதித்த காலத்தில் நீரோவின் காசு நூற்றுக்கு 90க்கு மேல் என்றே எண்ணியிருந்தார்கள். காசின் விளிம்பில் நுண்ணிய துளை போட்டு உள்ளிருக்கும் உலோகத்தை எடுத்துப் பார்த்த பிறகுதான் உண்மையான மாற்று தெரிந்தது.

ஆனால் கொங்கு நாட்டு வணிகர்கள் எளிதில் ஏமாறவில்லை போலிருக்கிறது. கோயம்புத்தூர்ப் பகுதியிலும் தென்னிந்தியாவின் பிற இடங்களிலும் கிடைத்த ரோமானிய வெள்ளிக்காசுகளில் மிகப் பெரும்பாலானவை அகஸ்டஸ், டைபீரியஸ் காலத்தவை. நீரோ மாற்றைக் குறைத்த பிறகு அடித்த வெள்ளிக்காசுகள் இங்கே மிகச் சிலவே. மிளகுக்குப் பதில் பழைய நல்ல காசையே கேட்டு வாங்கியிருக்கிறார்கள் என்பது பரவலான விளக்கம். ரோமுக்குள் இருந்தவன் முகமதிப்புக்கு வாங்கித்தான் ஆக வேண்டும், ஏனென்றால் அரசு வரிக்கு அதே காசை ஏற்றுக்கொள்ளும். வெளியே இருப்பவனுக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

அதற்காக நீரோவோடு எல்லாம் கவிழ்ந்துவிடவில்லை. டிராஜன் 106இல் டாசியாவைப் பிடித்தார், இன்றைய ருமேனியா. அதன் தங்கச் சுரங்கங்கள் ரோமுக்கு மூச்சு கொடுத்தன. பெரிய லாபம் தந்த கடைசி வெற்றி அதுதான் என்று சொல்லலாம்.

அப்புறம் வந்தது நோய். கிழக்கே, இன்றைய ஈரான் பக்கம் இருந்த பார்த்தியப் பேரரசோடு போருக்குப் போன படைகள் 165-ஐ ஒட்டி ஒரு கொள்ளைநோயோடு திரும்பின. பெரியம்மையாக இருக்கலாம் என்பது பலரின் கருத்து. கூடவே டான்யூப் எல்லையில் ஜெர்மானியக் குழுக்களோடு போர், 170களில் வட ஆப்பிரிக்காவிலிருந்து தெற்கு ஸ்பெயினுக்குள் படையெடுப்பு. டாசியாவின் ஒரு தங்கச் சுரங்கத்தில் மெழுகு பூசிய மரப்பலகைகள் கிடைத்திருக்கின்றன. கூலி ஒப்பந்தம், கடன் பத்திரம், அடிமையை விற்ற சீட்டு என்று சாதாரண மனிதர்களின் கணக்குகள். அவற்றில் கடைசித் தேதி 167. அதன் பிறகு எழுத்து இல்லை. கிரீன்லாந்துப் பனியில் காரீயம் சரிவதும் இதே ஆண்டுகளில்தான். இப்படி ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு சாட்சிகள் ஒரே நேரத்தைக் காட்டுவது எனக்கு ஒவ்வொரு முறையும் சிலிர்ப்பாக இருக்கிறது.

வெள்ளி வரத்து குறைந்தது, படைச் செலவு குறையவில்லை. செப்டிமியஸ் செவரஸ் உள்நாட்டுப் போரில் வென்று வந்தவர். படைதான் தன் அரியணை என்று அறிந்தவர். சம்பளத்தைக் கூட்டினார், காசின் மாற்றை ஏறக்குறைய பாதிக்கு இறக்கினார். அவர் மகன் கரகல்லா சம்பளத்தை மேலும் கூட்டி, 215இல் ஒரு புதுக்காசை வெளியிட்டார். மதிப்பு இரண்டு தெனாரியஸ் என்று வைத்துக்கொள்ளச் சொன்ன அந்தக் காசில் ஒன்றரைக் காசுக்குரிய வெள்ளிதான் இருந்தது. அடுத்த 50 ஆண்டுகளில் பேரரசர்கள் ஒருவர் பின் ஒருவராகக் கொல்லப்பட்டார்கள். ஒவ்வொரு புதியவரும் முதலில் படைக்குக் காசு கொடுக்க வேண்டும். 268-ஐ ஒட்டி அந்தப் புதுக்காசில் நூற்றுக்கு இரண்டு, மூன்று பங்கே வெள்ளி. கையில் புழங்கிய சில மாதங்களில் தோல் தேய்ந்து செம்பு தெரியும்.

நல்ல காசு வைத்திருந்தவர்கள் அதை மண்ணில் புதைத்தார்கள், மட்டக் காசைக் கடைக்குக் கொண்டுபோனார்கள். இன்று ஐரோப்பாவின் வயல்களில் பானை பானையாகக் கிடைப்பது அந்தக் காலத்தின் அச்சம். ஆச்சரியம் என்னவென்றால், வெள்ளி இவ்வளவு கரைந்தும் விலைவாசி உடனே அதே வேகத்தில் ஏறவில்லை. எகிப்தில் பாப்பிரஸ் என்ற நாணல் தாளில் எழுதிய கணக்குகளில் அது சுமார் 274இல்தான் பத்து மடங்கு தாவுகிறது. பேரரசர் ஆரேலியன் காசைச் சீர்திருத்திய நேரம் அது. பழைய காசுக்கு என்ன மதிப்பு என்ற கேள்வியை அரசே எழுப்பியதும், அதுவரை தாங்கிநின்ற நம்பிக்கை போய்விட்டது என்றுதான் இதைப் புரிந்துகொள்ள முடிகிறது. காசின் மதிப்பைத் தாங்கியது வெள்ளி மட்டுமல்ல, அரசின் வாக்கும்தான்.

301இல் பேரரசர் டயோக்ளீஷியன் உச்சவரம்பு விலை ஆணையைக் கல்லில் செதுக்கி ஊர் ஊராக வைத்தார். முடி வெட்ட 2 தெனாரியஸ், பாலர் பள்ளி ஆசிரியருக்கு மாணவனுக்கு மாதம் 50, அரங்கில் சண்டையிட முதல்தர ஆப்பிரிக்கச் சிங்கம் 150,000. மீறினால் மரண தண்டனை. விற்பவர்கள் சரக்கைப் பதுக்கினார்கள், ஆணை நிலைக்கவில்லை. அரசும் வரியைத் தானியமாகவும் துணியாகவும் வாங்கத் தொடங்கியிருந்தது. காசு இருந்தபோது எகிப்தின் கோதுமை விற்ற பணத்தில் ரைன் நதிக்கரை வீரனுக்குச் சம்பளம் கொடுக்கலாம். பொருளாக வாங்கினால் அதை வண்டியில் இழுத்துப்போக வேண்டும், அல்லது படையை விளைச்சல் உள்ள இடத்தில் நிறுத்த வேண்டும். ஒரே உடலாக இருந்த பேரரசு துண்டுதுண்டாகப் பிழைக்கப் பழகியது.

வெள்ளி குறைந்ததால்தான் ரோம் வீழ்ந்தது என்று சொல்வதை நான் ஏற்கவில்லை. காசு நாடி மாதிரி, நோய் வேறு இடத்தில் இருந்தது. அடுத்து வந்த பேரரசர் கான்ஸ்டன்டைன் ராத்தலுக்கு 72 என்று அடித்த தங்கக்காசு, பேரரசு கிழக்கு, மேற்கு என்று பிரிந்த பிறகும் கிழக்கே 11ஆம் நூற்றாண்டு வரை ஏறக்குறைய மாற்றுக் குறையாமல் ஓடியது, ஏனென்றால் கிழக்கில் வரி கட்டும் வளமான ஊர்கள் நிலைத்திருந்தன. மேற்கு அவற்றை ஒவ்வொன்றாக இழந்தது. 439இல் வாண்டல்கள் என்ற ஜெர்மானியக் குழு கார்த்தேஜைப் பிடித்தபோது மேற்கின் மிகச் செழிப்பான வரி நிலம் போயிற்று. 476இல் படைத்தலைவன் ஓடோயேசர் கடைசி மேற்குப் பேரரசனை இறக்கியபோது, அவனுக்காகப் போரிடச் சம்பளம் கொடுத்து வைத்திருந்த படை என்று பெரிதாக எதுவும் மிஞ்சியிருக்கவில்லை.

தெற்கு ஸ்பெயினின் ரியோ டிண்டோவில் 19ஆம் நூற்றாண்டில் மறுபடி சுரங்கம் தோண்டியபோது ரோமானியரின் மரச்சக்கரங்கள் அகப்பட்டன. ஆழத்தில் ஊறும் தண்ணீரை ஒரு சக்கரம் எடுத்து மேலேயிருக்கும் சக்கரத்துக்குக் கொடுக்கும், அது அடுத்ததற்கு. ஓரிடத்தில் எட்டு ஜோடிகள் சேர்ந்து சுமார் 30 மீட்டர் உயரத்துக்கு நீரை இறைத்திருக்கின்றன. மனிதர்கள் இருட்டில் மிதித்துச் சுழற்றிய சக்கரங்கள் அவை. மிதிப்பவர் இல்லாமல் போனதும் தண்ணீர் ஏறி அவற்றை மூடிவிட்டது. செம்பு கலந்த அந்த நீரில் மரம் மக்கவில்லை.