ஓடும் நீரில் நிற்கும் அலை

காலிமுகத்திடலில் நின்று கடலைப் பார்த்தால் அலைதான் நகர்கிறது. நீர் அநேகமாக இருந்த இடத்திலேயே ஆடிக்கொண்டிருக்கிறது. மிதக்கும் வெற்றுப் போத்தல் ஒன்றைக் கவனியுங்கள்: அலைகள் ஒவ்வொன்றாக அதைக் கடந்து கரைக்கு வரும், போத்தல் அவ்வளவு சீக்கிரம் வராது. கொழும்பிலிருந்து அவிசாவளை வழியாக ஹட்டன் வீதியில் சுமார் 90 கிலோமீற்றர் போய், கித்துல்கலையில் களனி கங்கையைப் பார்த்தால் கதை தலைகீழ். அங்கே நீர் தலைதெறிக்க ஓடுகிறது, அலை அசையாமல் நிற்கிறது. காலையில் எந்தப் பாறைக்குப் பின்னால் எந்த உயரத்தில் நுரைத்ததோ, நீர்மட்டம் மாறாதவரை மாலையிலும் அங்கேயேதான் நுரைக்கும்.

அந்த நுரைக்குள் சின்னக் கயாக் படகில் ஒருவர் இறங்கிப் போவதைப் பார்க்கும்போது, துணிச்சல்தான் முதலில் கண்ணில் படும். உண்மையில் அவர் செய்வது பெரும்பாலும் வாசிப்பு. நிற்கும் பொருளைத்தானே வாசிக்க முடியும்? ஆற்றின் குழப்பம் நின்ற இடத்தில் நிற்பதால்தான் இந்த விளையாட்டே சாத்தியமாகிறது.

களனி மொத்தம் 145 கிலோமீற்றர் ஓடுகிறது. மலைநாட்டில் மஸ்கெலியா ஓயா, கெஹெல்கமு ஓயா என்று இரண்டாகப் புறப்பட்டு, கித்துல்கலைக்கு மேலே ஒன்றுசேர்ந்து, கடைசியில் மட்டக்குளிப் பக்கம் முகத்துவாரத்தில் கடலில் விழுகிறது. ஆயிரம் மீற்றருக்கு மேற்பட்ட இறக்கத்தின் பெரும்பகுதியை அது முதல் பாதியிலேயே செலவழித்துவிடுகிறது. ஹங்வெல்லைக்குக் கீழே இறங்குவதற்கு அதனிடம் ஏறக்குறைய ஒன்றும் மிச்சமில்லை. வறட்சிக் காலத்தில் கடலின் உப்புநீரே எதிர்த்து ஆற்றுக்குள் ஏறிவருகிற அளவுக்குத் தட்டையாகிவிடுகிறது. கித்துல்கலை இந்த இரண்டு குணங்களுக்கும் நடுவே இருக்கிறது: இறக்கம் இன்னும் இருக்கிறது, நீரும் போதிய அளவு சேர்ந்திருக்கிறது, படுக்கையில் பெரும்பாறைகள் கிடக்கின்றன. பற்றாததற்கு, நாட்டிலேயே அதிகம் மழை பெய்யும் பகுதிகளில் அதுவும் ஒன்று.

சரி, அலை ஏன் நிற்கிறது? நீரில் ஒரு குழப்பம் உண்டானால் அது அலையாகப் பரவும். ஆழமில்லாத நீரில் அலையின் வேகத்தைத் தீர்மானிப்பது ஆழம்தான். ஒரு மீற்றர் ஆழத்தில் அலை செக்கனுக்குச் சுமார் 3.1 மீற்றர் போகும். 30 சென்ரிமீற்றர் ஆழத்தில் சுமார் 1.7 மீற்றர்தான். இனி ஒரு பாறைமேட்டின்மேல் ஏறி விழும் நீரை நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்றரை மீற்றர் கீழே விழுந்தால் அதன் வேகம் செக்கனுக்கு 5.4 மீற்றரை எட்டும், அதேநேரம் நீர்ப்படலமும் மெலிந்துவிடும். ஆறு இப்போது தன் அலைகளையே முந்தி ஓடுகிறது. கீழே என்ன நடந்தாலும் அந்தச் சேதி மேலே ஏறிப்போக வழியில்லை. ஓட்டத்தின் வேகத்தை அலையின் வேகத்தால் வகுத்தால் வரும் எண்ணுக்கு, 19ஆம் நூற்றாண்டில் கப்பல்களின் மாதிரிகளை வைத்து ஆராய்ந்த ஆங்கிலப் பொறியியலாளர் வில்லியம் ஃபுரூடின் பெயரை வைத்திருக்கிறார்கள். அந்த எண் ஒன்றைத் தாண்டினால் நீர் அலையை முந்துகிறது என்று அர்த்தம்.

ஆனால் இப்படியே எவ்வளவு தூரம் ஓட முடியும்? கீழே ஆழமான, மெதுவான நீர் காத்திருக்கிறது. வேகநீர் அதில் போய் மோதும் இடத்தில் நீர்மட்டம் சட்டென்று எழும்புகிறது. இதைத்தான் நீர்த்தாவல் என்கிறார்கள். அந்த இடத்தில் அலை மேல்நோக்கி ஏறப் பார்க்கும் வேகமும் ஆறு அதைக் கீழே தள்ளும் வேகமும் சமமாகிவிடுவதால் அலை நகர இடமில்லாமல் அங்கேயே நிற்கிறது.

இதைப் பார்க்கக் கித்துல்கலைக்குப் போகவேண்டியதில்லை. வெள்ளவத்தை ஃபிளாட்டின் சமையலறையில் பைப்பைத் திறந்தால் போதும். சிங்க்கின் தட்டையான அடியில் நீர் விழும் இடத்தைச் சுற்றி மெல்லிய, வழுவழுப்பான ஒரு வட்டம் தெரியும். அதன் விளிம்பில் நீர் திடீரென்று தடித்து எழும்பும். அந்த விளிம்பு ஒரு நீர்த்தாவல். கொழும்பின் குழாய்நீரில் பெரும்பங்கு அம்பத்தலையில் களனியிலிருந்து எடுத்துச் சுத்திகரிப்பது என்பதால், நீங்கள் பார்ப்பது அநேகமாக அதே ஆற்றின் நீராகவும் இருக்கும். ஒரு வித்தியாசம் உண்டு. சிங்க்கின் மெல்லிய படலத்தில் பரப்பிழுவிசைக்குப் பெரிய பங்கு இருக்கிறது. ஈர்ப்பைவிட அதுதான் முக்கியம் என்று 2018இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் சிலர் வாதாடினார்கள், அதை மறுத்தவர்களும் உண்டு. ஆற்றின் அளவில் அந்தச் சண்டைக்கு இடமில்லை, அங்கே ஈர்ப்பின் ராஜ்ஜியம்தான்.

ஃபுரூட் எண் ஒன்றைச் சற்றுத்தான் தாண்டியிருந்தால், நீர்த்தாவல் உடையாமல் வழுவழுப்பான அலைகளின் வரிசையாகிவிடும். படகு அதன்மேல் ஏறி இறங்கிப் போகும், பயணிகள் கூச்சல் போட்டுச் சிரிப்பார்கள். எண் இரண்டு, மூன்று என்று கூடினால் அலையின் உச்சி உடைந்து, மேல்நீர் ஆற்றின் மேல்பக்கமாகவே திரும்பி விழ ஆரம்பிக்கும். கயாக்காரர்கள் அதை ஹோல் என்பார்கள். விழும் நீர் அடியால் புகுந்து கீழே போய்விடுகிறது, மேற்பரப்பு நீரோ திரும்பத் திரும்ப விழும் இடத்துக்கே வருகிறது. மிதக்கும் எதுவும் மேற்பரப்பில்தான் இருக்கும் என்பதால் அகப்பட்டுக்கொள்ளும்: மரக்கட்டை, படகு, ஆள். தப்பிக்கும் வழி இரண்டு. ஒன்று, அடியில் ஓடும் நீரைப் பிடிப்பது. மற்றது, ஓரத்துக்கு நகர்வது. ஆகவே ஹோலின் இரண்டு முனைகளும் எந்தப் பக்கம் வளைந்திருக்கின்றன என்று மேலேயிருந்தே பார்ப்பார்கள். முனைகள் கீழ்நோக்கி, அதாவது ஆறு ஓடும் திசையில், வளைந்திருந்தால் அது ஆளை ஓரமாக வெளியே தள்ளிவிடும். மேல்நோக்கி வளைந்திருந்தால் நடுவுக்கே இழுத்து வைத்திருக்கும்.

நுரையும் ஏமாற்றும். வெண்மை என்பது நீரில் கலந்த காற்று. பாதிக்குப் பாதி காற்று கலந்தால் அடர்த்தி பாதியாகிறது; அதே மிதப்புக்குப் படகு இருமடங்கு அமிழவேண்டும். துடுப்பும் பிடிமானம் இல்லாமல் வழுக்கும். வெள்ளைக்கு நடுவே கறுத்து, பளபளவென்று நாக்கு நீட்டியிருக்கும் நீர்தான் நல்ல வழி. இரண்டு பாறைகளுக்கு இடையே நீர் ஒடுங்கும்போது, கூர்முனை கீழ்நோக்கியிருக்கும் முக்கோணமாக அது தெரியும். முனை மேல்நோக்கியிருந்தால், அந்த முனையில் நீருக்கடியில் ஒரு பாறை இருக்கிறது என்று பொருள். கரையில் நின்றே பழகிக்கொள்ளக்கூடிய வாசிப்பு இது.

பாறைக்குப் பின்னால் இருப்பது இன்னும் சுவாரசியமானது. நீர் பாறையைச் சுற்றிக்கொண்டு ஓடும்போது அதன் முதுகுப்புறத்தில் நீர்மட்டம் சற்றுத் தாழ்கிறது. அந்தப் பள்ளத்தை நிரப்பக் கீழேயிருந்து நீர் மெதுவாக மேலேறி வருகிறது. அந்த இடத்துக்கு எடி என்று பெயர். பெருக்கெடுத்து ஓடும் ஆற்றின் நடுவில், படகை நிறுத்தி மூச்சுவிட்டு, அடுத்த நூறு மீற்றரை எட்டிப்பார்க்க இடம் கிடைக்கிறது. நல்ல கயாக்காரர் ஆற்றை ஒரே ஓட்டமாக ஓடுவதில்லை. ஒரு எடியிலிருந்து அடுத்த எடிக்குத் தாவித்தாவிப் போவார்.

புதியவர்கள் கவிழ்வது பெரும்பாலும் அங்கிருந்து வெளியே வரும்போதுதான். எடிக்கும் ஓட்டத்துக்கும் நடுவே ஒரு கோடு, சில இடங்களில் கையால் தொட்டுக் காட்டலாம் போலத் தெளிவாக இருக்கும். கோட்டின் இந்தப் பக்கம் நீர் மேலே ஏறுகிறது, அந்தப் பக்கம் கீழே பாய்கிறது. படகின் மூக்கு கோட்டைத் தாண்டியதும் ஓட்டம் அதைப் பிடித்துக் கீழே திருப்பும், வால் இன்னும் எடியில் இருக்கும். படகு சுழல்கிறது. அதோடு, பாய்ந்துவரும் நீர் படகின் மேல்பக்க விளிம்பில் மோதி, அதன்மேல் ஏறப் பார்க்கும். நம் உடம்பு என்ன செய்யும்? தள்ளும் விசைக்கு எதிராகச் சாயும். ஓடும் பஸ்ஸில் நின்று பழகிய உடம்பு வேறென்ன செய்யும்? ஆனால் அப்படி நீர் வரும் பக்கமாகச் சாய்ந்தால் விளிம்பு நீருக்குள் போகும், ஆறு அதன்மேல் ஏறி உட்காரும், ஒரு கண்ணிமைப்பில் தலை கீழே இருக்கும். செய்யவேண்டியது நேர் எதிர்: மேல்பக்க முழங்காலைத் தூக்கி அந்த விளிம்பை உயர்த்தி, படகின் அடிப்பாகத்தை ஓட்டத்துக்குக் காட்டவேண்டும். நீர் அடியில் நழுவிப் போய்விடும். தோளைச் சாய்ப்பதல்ல, இடுப்பால் படகைச் சரிப்பது என்பதை எத்தனை தரம் சொன்னாலும், உடம்பு அதை நம்ப நாள் எடுக்கும்.

பாறையில் பக்கவாட்டாக மோதினாலும் அதே கணக்குத்தான். ஆகவே பாறையை நோக்கிச் சாய்ந்து, முடிந்தால் அதைக் கட்டிப்பிடிக்கவேண்டும். பயத்தில் விலகிச் சாய்ந்தால், விலகும் திசையிலிருந்துதான் நீர் வருகிறது. அந்த நீரின் பலத்தைக் குறைத்து மதிக்கக்கூடாது. விசை வேகத்தின் வர்க்கத்தோடு கூடுகிறது. குறுக்கே மாட்டிய ஒரு சிறு கயாக்கில் முக்கால் சதுரமீற்றர் பரப்பில் நீர் மோதுகிறது என்று வையுங்கள். செக்கனுக்கு 1.5 மீற்றர் ஓட்டத்தில் அது சுமார் 85 கிலோ எடை அழுத்துவதற்குச் சமம். 3 மீற்றர் ஓட்டத்தில் சுமார் 340 கிலோ.

படகைப் பற்றி நீட்டி முழக்கத் தேவையில்லை. ஆற்றுக் கயாக் குட்டையானது, அடிப்பக்கம் முன்னும் பின்னும் மேல்நோக்கி வளைந்தது. நேராகப் போக அடம்பிடிக்கும், திரும்பச் சொன்னால் உடனே திரும்பும். தடித்த பொலித்தீனில் வார்த்திருப்பதால் பாறைக்கு ஈடுகொடுக்கும். இடுப்பைச் சுற்றி இறுக்கும் ஒரு ரப்பர் உறை நீர் உள்ளே வராமல் தடுக்கும்.

கவிழ்ந்தால்? வடதுருவக் கரையோரத்து இனுயிட் வேட்டைக்காரர்கள் பனிக்கடலில் உயிர்காக்கக் கண்டுபிடித்த உருட்டல்தான் இன்றும் வழி. முதலில் நெஞ்சை முன்தளத்தில் ஒட்டிக்கொள்ளவேண்டும், முகம் பாறையில் அடிபடாமல் இருக்க. துடுப்பை மேற்பரப்புக்குக் கொண்டுவந்து, தட்டைச் சற்றே சாய்த்து வளைவாக வீசினால் அது நீரில் மூழ்காமல் மேலே வழுக்கும். அந்த ஒரு கணத்துப் பிடிமானத்தில் இடுப்பைச் சுண்டிப் படகை நிமிர்த்தவேண்டும். தலை கடைசியாகத்தான் வெளியே வரவேண்டும், இங்கேதான் எல்லாரும் சறுக்குவார்கள். உடம்பு நீருக்குள் இருக்கும்வரை அதன் எடையை நீரே தாங்குகிறது. மூச்சுக்காகத் தலையை முதலில் தூக்கினால் அந்த எடை முழுவதும் துடுப்பில் விழும், துடுப்பு அமிழும், படகு மறுபடி கவிழும். கொழும்பில் இதை நீச்சல் தடாகத்தில் பழகலாம். பழகாமல் ஆற்றுக்குப் போவதை என்னால் நியாயப்படுத்த முடியவில்லை.

ஆறுகளை ஒன்றிலிருந்து ஆறு வரை தரம் பிரிக்கிறார்கள். கித்துல்கலையில் ராப்டிங், அதாவது காற்றடித்த ரப்பர் படகில் கூட்டமாக இறங்கிப் போவது, நடக்கும் பகுதியை இரண்டு, மூன்று என்பார்கள். ‘ஹெட் சொப்பர்’, ‘பட்டர் கிரன்ச்’ என்று இடங்களுக்கு வைத்திருக்கும் பெயர்கள் தரத்தைவிடப் பயங்கரமானவை. எனக்கு இந்த எண்களில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. நீர் ஒரு மீற்றர் கூடினால் சில பாறைகள் முற்றாக மூழ்கி அலை அடங்கிவிடும், வேறு சில அப்போதுதான் ஹோல் ஆகும். அதிலும் இது அணைகளுக்குக் கீழே ஓடும் ஆறு. மவுஸ்ஸாக்கலை, காசல்ரீ, லக்ஷபான, பொல்பிட்டிய என்று மேலே மின்நிலையங்களும் நீர்த்தேக்கங்களும் சங்கிலியாக இருக்கின்றன. மின்தேவைக்காகச் சுழலிகளை ஓட்டினால் கீழே மட்டம் உயரும், மழை இல்லாமலே. 35 மெகாவாட் பிராட்லண்ட்ஸ் நீர்மின் திட்டம் வந்தபோது ராப்டிங் தொழிலின் கதி என்ன என்று பெரிய கேள்வி எழுந்ததும் இதனால்தான். அலை எங்கே நிற்கும் என்பதைப் பாறையோடு சேர்ந்து வால்வைத் திறப்பவரும் தீர்மானிக்கிறார். வெள்ளக் காலத்தில் செய்தியில் களனியின் நாகலகம் வீதி நீர்மட்டத்தைக் கேட்கும் கொழும்புக்காரர், அதே பட்டியலில் கித்துல்கலையின் பெயரும் வருவதைக் கவனித்திருப்பார். ஆற்றுக்குப் புறப்படும் முன் பார்க்கவேண்டிய எண் அதுதான். நீர் செம்மண் நிறமாகிக் கட்டைகள் மிதந்து வந்தால் எண்ணையும் பார்க்கத் தேவையில்லை, தேத்தண்ணி குடித்துவிட்டுத் திரும்பலாம்.

படகை விட்டு நீரில் விழுந்தவர் மல்லாந்து, கால்களை ஆறு ஓடும் திசையில் நீட்டி மிதக்கவேண்டும், எழுந்து நிற்க முயலக்கூடாது. முழங்காலுக்கு மேல் ஓடும் நீரில் கால் ஒரு பாறையிடுக்கில் சிக்கினால், ஓட்டம் ஆளை முன்னால் சாய்த்து முகத்தை நீருக்குள் அமுக்கிவிடும். விழுந்து கிடக்கும் மரமும் அப்படித்தான். கிளைகளின் ஊடே நீர் போகும், ஆள் போகமாட்டார்.

எல்லாவற்றையும்விட அனுபவசாலிகள் அஞ்சுவது, பார்க்க ஒன்றுமே இல்லாத ஒரு தடுப்பை: கரையிலிருந்து கரைவரை ஒரே மட்டத்தில் கட்டிய, ஒன்றரை ஆள் உயரம்கூட இல்லாத சிறு கொங்கிரீட் அணைக்கட்டு. இயற்கையான பாறை கோணல்மாணலாக இருப்பதால் அதன் ஹோலில் எங்காவது ஓர் ஓட்டை இருக்கும். இங்கே நீர் சீராக விழுகிறது, சீராகத் திரும்பி வருகிறது. ஓரங்கள் இரண்டிலும் சுவர். மேலேயிருந்து வருபவருக்கு வெறும் வழுவழுப்பான கோடு மட்டுமே தெரியும், இரைச்சலும் பெரிதாகக் கேட்காது. எந்தத் தரத்து ஆற்றையும் ஓட்டக்கூடியவர்கள்கூட இதற்கு வெகுதூரம் முன்பே கரையேறி, படகைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்துபோய் அடுத்த பக்கம் இறங்குகிறார்கள்.